மஞ்சள் குடும்பத்தில் எது தப்பு, எது ஜோக்?

'தி சிம்ப்ஸன்ஸ்' அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம்: "இது தெரியாமல் நடந்த தப்பா, வேண்டுமென்றே செய்ததா?" (மஞ்சள் தோல் கொண்ட ஹோமர்-மார்ஜ் தம்பதி, பிள்ளைகள் பார்ட், லிசா, மேகி: இதுதான் சிம்ப்ஸன் குடும்பம். ஊர் ஸ்பிரிங்ஃபீல்டு.) இரண்டிலும் சேராத மூன்றாவது வகையும் உண்டு. எழுதியபோது சரியாக இருந்து, தொடர் முடியாமல் ஓடிக்கொண்டே இருந்ததால் தப்பாகிப்போனவை. எது எந்த வகை என்று பார்த்துவிடலாம்.

கே: ஆரம்ப எபிசோடு ஒன்றில் ஹோமரின் முதலாளி பர்ன்ஸின் உதவியாளர் ஸ்மிதர்ஸ் கறுப்பு நிறத்தில் வருகிறார். அடுத்த வாரமே மஞ்சள். முதலில் கறுப்பினத்தவராகத்தான் யோசித்திருந்தார்களா?

ப: இல்லை. அது வெறும் பெயின்ட் தப்பு. ஸ்மிதர்ஸின் முகம் முதன்முதலில் தெரிவது 1990 ஜனவரி 21 அன்று ஒளிபரப்பான 'ஹோமர்ஸ் ஒடிஸி'யில். அதற்கு முன் கிறிஸ்துமஸ் எபிசோடில் அவர் குரல் மட்டும் ஒலிபெருக்கியில் கேட்கும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வண்ணப் பட்டியல் போடுவார்கள்: தோலுக்கு இந்த நிறம், தலைமுடிக்கு இது, கழுத்துப்பட்டைக்கு இது என்று. அந்தப் பட்டியலிலேயே நிறம் மாறிவிட்டால் எபிசோடு முழுக்க அதே நிறம்தான் வரும். ஸ்மிதர்ஸுக்கு நடந்தது அதுதான். ஒரு காட்சியில் கறுப்பு, அடுத்த காட்சியில் மஞ்சள் என்று தாறுமாறாக இல்லாமல் எபிசோடு முழுவதும் ஒரே சீராகக் கறுப்பாக இருப்பதற்கும் அதுவே காரணம். இது பிழைதான் என்று இயக்குநர் டேவிட் சில்வர்மன் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

ஹோமரின் நண்பர் பார்னியின் தலைமுடி வேறு கதை. முதல் சீசனில் அது அவர் தோல் நிறத்திலேயே, மஞ்சளாக இருக்கும். பிறகு, தோலும் முடியும் ஒரே நிறமாக இருப்பது சிம்ப்ஸன் குடும்பத்துக்கு மட்டுமே உரியது என்று முடிவெடுத்துப் பார்னிக்குப் பழுப்பு முடி வைத்தார்கள். அதைப் பிழைப் பட்டியலில் சேர்ப்பது நியாயமில்லை.

கே: ஒரே காட்சியில் கையில் இருக்கும் கோப்பை காணாமல் போய்த் திரும்ப வருகிறது. வரைகிறவர்களுக்கு இதுகூடக் கண்ணில் படாதா?

ப: வரைகிறவருக்கு முழுப் படமும் கண்ணில் படுவதே இல்லை என்பதுதான் விஷயம். பழைய முறையில் ஒரு ஃபிரேம் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பல தாள்கள். அடியில் பின்னணி ஓவியம், அதன்மேல் ஒளிபுகும் தாள்களில் உடல், கை, வாய் என்று தனித்தனியாக. ஹோமர் பேசும்போது பெரும்பாலும் வாய்த் தாள் மட்டும்தான் மாறும். உடல் அப்படியே நிற்கும். எந்த ஃபிரேமில் எந்தத் தாள் எந்த வரிசையில் வரவேண்டும் என்பது ஓர் அட்டவணையில் எழுதியிருக்கும். கேமராவுக்குக் கீழே தாள் அடுக்குகிறவர் அதில் ஒரு கட்டத்தைத் தவறவிட்டால் கோப்பை மறைந்துவிடும். வரிசை மாறினால் மேசைக்கு முன்னால் இருக்கவேண்டிய கை பின்னால் போய்விடும்.

கதையும் குரல்பதிவும் ஸ்டோரிபோர்டும் அமெரிக்காவில். முழு வரைதலும் வண்ணமும் பெரும்பாலும் தென்கொரியாவின் சியோலில். வண்ணப் பிரதி திரும்பி வந்த பிறகு தப்பான ஷாட்களைப் பட்டியல் போட்டு மறுபடி எடுக்கச் சொல்வார்கள். ஆனால் ஒளிபரப்புத் தேதி நெருங்கியிருக்கும். பணமும் கணக்காகத்தான் இருக்கும். கதை புரியாமல் போகும் தப்புக்கு முதலிடம். அரை விநாடிக் கோப்பைக்குக் கடைசி இடம்.

1995-இல் 'ரேடியோஆக்டிவ் மேன்' எபிசோடில் கணினி வண்ணத்தைப் பரீட்சை பார்த்துவிட்டு, 2002-இல் தொடங்கிய 14ஆவது சீசனிலிருந்து முழுக்கவே அதற்கு மாறினார்கள். அதன்பிறகு பெயின்ட் தப்பும் தாள் தப்பும் வெகுவாகக் குறைந்துவிட்டன. கதைத் தப்புகள் குறையவில்லை. அதற்குக் கணினி என்ன செய்யும்?

கே: முதல் எபிசோடிலேயே நாய் வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஆனால் அதே சீசனின் கடைசி எபிசோடில் நாயும் இல்லை, படமும் பழையதுபோல் இருக்கிறது. ஏன்?

ப: ஒளிபரப்பிய வரிசை வேறு, தயாரித்த வரிசை வேறு. ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு தயாரிப்பு எண் உண்டு. முதல் சீசன் எண்கள் '7ஜி' என்று தொடங்கும். நீங்கள் சொல்லும் கடைசி எபிசோடான 'சம் என்சான்டட் ஈவினிங்' உண்மையில் 7ஜி01. முதலில் வந்திருக்க வேண்டியது அதுதான். வரைந்து வந்த பிரதி மோசமாக இருந்ததால் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் திரும்பச் செய்யவேண்டி வந்தது. 1989 இலையுதிர்காலத்தில் தொடங்க இருந்த தொடர் தள்ளிப்போய், எட்டாவதாகத் தயாரான கிறிஸ்துமஸ் எபிசோடு (7ஜி08) டிசம்பர் 17 அன்று முந்திக்கொண்டது. பழுது பார்த்த 7ஜி01 கடைசியாக 1990 மே 13 அன்று வந்தது. நாய் வந்து சேர்ந்தது 7ஜி08-இல். 7ஜி01 எழுதும்போது நாய் ஏது?

முதல் சீசனை எண் வரிசைப்படி பார்த்தால் பாதிச் சந்தேகங்கள் தாமாகத் தீர்ந்துவிடும். 7ஜி01, 02, 03, 04, 05, 06, 07 என்று போய், பிறகு 08 முதல் 13 வரை. ஒளிபரப்பில் 7ஜி09-க்குப் பிறகு 7ஜி07 வருகிறது. 11-க்குப் பிறகு 10. 13-க்குப் பிறகு 12. டிவி கோமாளி க்ரஸ்டியின் உதவியாளராக இருந்து வில்லனாகும் சைட்ஷோ பாப்பின் தலைமுடியைக் கவனியுங்கள்: 7ஜி07-ஆன 'தி டெல்டேல் ஹெட்'டில் உருண்டையாக இருக்கும், 7ஜி12-ஆன 'க்ரஸ்டி கெட்ஸ் பஸ்டட்'டில்தான் நமக்குப் பழக்கமான பனைமரக் கொண்டை வருகிறது.

கே: ஒரு எபிசோடில் ரசிகர் ஒருவர் "விலா எலும்பை இரண்டு முறை தட்டினால் இரண்டு சுரம் எப்படி வரும்?" என்று கேட்கிறாரே, அது நிஜமாக யாரோ கேட்ட கேள்வியா?

ப: நிஜ ரசிகர்களைக் கிண்டல் செய்ய எழுத்தாளர்கள் உருவாக்கிய கேள்வி. 1997 பிப்ரவரி 9 அன்று வந்த 'இட்சி அண்ட் ஸ்க்ராட்சி அண்ட் பூச்சி ஷோ'. கதைக்குள் ஓடும் பூனை-எலி கார்ட்டூனில் எலி பூனையின் எலும்புக்கூட்டைச் சைலஃபோன்போல வாசிக்கிறது. ஒரே விலாவை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டுகிறது. இரண்டு வெவ்வேறு சுரம் வருகிறது. இந்தத் தவறுக்கு யாருக்காவது வேலை போயிருக்கும் என்று நம்புகிறேன் என்கிறார் ரசிகர். அவர் அணிந்திருக்கும் சட்டையில் 'மேதை வேலையில் இருக்கிறார்' என்ற வாசகம். மேதையாக இருப்பவர் ஏன் பொழுதெல்லாம் குழந்தைகள் கார்ட்டூன் பார்க்கிறார் என்று ஹோமர் திருப்பிக் கேட்கிறார்.

இந்தக் காட்சியில் ஒரு நுணுக்கம் பலருக்குத் தப்பிவிடுகிறது. ரசிகர் எபிசோடை '2எஃப்09' என்று எண் சொல்லிக் குறிப்பிடுகிறார். அது சிம்ப்ஸன்ஸின் சொந்தத் தயாரிப்பு எண். ஆறாவது சீசனின் 'ஹோமர் தி கிரேட்'. இன்னொன்று: இது தொடரின் 167ஆவது எபிசோடு. 166 எபிசோடுகளோடு நின்ற 'தி ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்' சாதனையைத் தாண்டிய அதே நாளில், நெடுநாள் ஓடும் கார்ட்டூன் எப்படிச் சலித்துப்போகிறது என்பதையே கதையாக வைத்தார்கள். அந்தத் துணிச்சல் பிற்காலத்து எபிசோடுகளில் அவ்வளவாக இல்லை.

கே: மதுத் தொழிற்சாலைக் காட்சியில் மூன்று வகை பியரும் ஒரே குழாயிலிருந்து வருவதாக எல்லோரும் சொல்கிறார்கள். என் டிவியில் அப்படி ஒரு குழாயே தெரியவில்லை.

ப: உங்கள் பிரதியில் மேல்பகுதியை வெட்டியிருக்கிறார்கள். 1993 பிப்ரவரி 18 அன்று வந்த 'டஃப்லெஸ்' எபிசோடு அது. சாதாரண டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று மூன்று தொட்டிகள் பக்கத்துப் பக்கத்தில். மேலே பார்த்தால் ஒரே பெரிய குழாய் வந்து மூன்றாகப் பிரிந்து விழுகிறது. வசனம் எதுவும் கிடையாது. குழாய் தெரிந்தால்தான் ஜோக்.

பழைய எபிசோடுகள் 4:3 அளவுப் படத்துக்காக வரைந்தவை. அகலத்திரைக்கு, அதாவது 16:9-க்கு, பக்கங்களைத் தொடாமல் மேலும் கீழும் வெட்டி நிரப்பினால் உயரத்தில் சரியாகக் கால் பங்கு போய்விடும். 2019 நவம்பர் 12 அன்று டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது இப்படித்தான் போட்டார்கள், குழாய் போய்விட்டது. ரசிகர்கள் சத்தம் போட்ட பிறகு 2020 மே மாதக் கடைசியில் மூல அளவையும் கொடுத்தார்கள். தொடரின் விவரப் பக்கத்தில் படத்தின் அளவுக்கென்று ஒரு சுவிட்ச் வைத்தார்கள்; திரை அளவுக்கு மாற்றிய படம் வேண்டாம் என்று அணைத்தால் இருபுறமும் கறுப்புப் பட்டையோடு முழுப் படம் கிடைக்கும்.

உங்கள் பிரதி எப்படிப்பட்டது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஹோமரின் கண். இந்தத் தொடரில் கண்கள் வட்டம். கண் வட்டமாகவும் மார்ஜின் கொண்டை அடிக்கடி மேலே வெட்டுப்பட்டும் இருந்தால் அது வெட்டிய பிரதி. கண் படுக்கைவாட்டில் முட்டை வடிவமாகத் தெரிந்தால் பக்கவாட்டில் இழுத்த பிரதி. அதற்கு டிவியின் பட அளவு அமைப்பைப் பாருங்கள். தொடர் அகலத்திரைக்கே மாறியது 2009 பிப்ரவரி 15 அன்று, 'டேக் மை லைஃப், ப்ளீஸ்' எபிசோடில். அதற்குப் பிந்தையவற்றுக்கு இந்தக் கவலை இல்லை.

நேரத்தைக் குறித்துக்கொண்டு பிழை தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பிய டிவி முறைக்கு மாற்றிய பழைய டிவிடிகளில் 24 ஃபிரேம் படம் விநாடிக்கு 25 ஃபிரேமாக ஓடும். 22 நிமிட எபிசோடு 21 நிமிடம் 7 விநாடியில் முடிந்துவிடும். அமெரிக்கப் பிரதியின் நேரக் குறிப்பை 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்தால் அந்த இடம் கிடைக்கும். மறு ஒளிபரப்புகளில் விளம்பரத்துக்காகக் காட்சிகளையும் வெட்டுவார்கள். 'இந்த எபிசோடில் ஒரு காட்சி தாவுகிறது' என்ற புகார்களுக்கு இதுவே பெரும்பாலும் பதில்.

கே: டைட்டில் காட்சியில் குழந்தை மேகியைக் கடைக் கல்லாவில் ஸ்கேன் செய்யும்போது ஏதோ ரகசிய வாசகம் வருகிறதாமே?

ப: வருவது விலைதான். பழைய டைட்டிலில் 847.63 டாலர். அன்றைய அமெரிக்காவில் ஒரு குழந்தையை வளர்க்க மாதம் ஆகும் செலவு என்று அந்தத் தொகைக்கு விளக்கம் சொல்வார்கள். 2009-இல் புதிதாக வரைந்த டைட்டிலில் கல்லா 243.26 காட்டிக்கொண்டிருக்கும், மேகி போனதும் 486.52. அதாவது அப்படியே இரட்டிப்பு.

ரகசிய வாசகக் கதை 1995 டிசம்பரில் வந்த '138ஆவது எபிசோடு' சிறப்பு நிகழ்ச்சியிலிருந்து கிளம்பியது. அதில், கல்லாவில் துப்பாக்கிச் சங்கத்துக்கு வாழ்த்துச் சொல்லும் 'என்ஆர்ஏ4எவர்' என்ற வாசகம் ஓடுவதாக ஒரு வினாடிவினா விடை வரும். அந்த நிகழ்ச்சிக்காகவே செய்த கேலி அது. உண்மையான டைட்டிலை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினாலும் கிடைக்காது.

கே: ஹோமரும் மார்ஜும் 1974-இல் பள்ளியில் சந்தித்ததாக ஒரு எபிசோடு. 1990-களில் கல்யாணத்துக்கு முன் ஹோமர் ராக் இசைக்குழு நடத்தியதாக இன்னொன்று. எது சரி?

ப: முதலில் கணக்கைப் போடுங்கள். 1991 ஜனவரியில் வந்த 'தி வே வி வாஸ்' இருவரும் பள்ளியின் கடைசி ஆண்டில், 1974-இல், சந்தித்ததாகச் சொல்கிறது. அப்போது வயது 17, 18. 1991-இல் 34, 35. ஆரம்ப சீசன்களில் ஹோமருக்குச் சொன்ன வயது 34. பொருந்துகிறது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 'ஐ மேரீட் மார்ஜ்' எபிசோடில் பார்ட் கருவில் வருவது, 'ஸ்டார் வார்ஸ்' வரிசையின் இரண்டாவது படம் ஓடிய 1980-இல். 1991-இல் பத்து வயதுப் பையன். பொருந்துகிறது. 1992 டிசம்பரில் வந்த 'லிசாஸ் ஃபர்ஸ்ட் வேர்ட்' லிசா 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் சமயத்தில் பிறந்ததாகச் சொல்கிறது. எட்டு வயது. அதுவும் பொருந்துகிறது. இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் பார்த்து எழுதினார்கள்.

அந்த ஒலிம்பிக் காட்சியே தனி ரசனை. க்ரஸ்டி தன் பர்கர் கடையில், அமெரிக்கா பதக்கம் வென்றால் பர்கர் இலவசம் என்று சீட்டு கொடுக்கிறான். கம்யூனிஸ்ட் நாடுகள் தோற்கவே தோற்காத போட்டிகளாகப் பார்த்துச் சீட்டை நிரப்புகிறான். சோவியத் யூனியன் ஒலிம்பிக்கைப் புறக்கணித்துவிடவே, அமெரிக்கா பதக்கத்தை அள்ளுகிறது, க்ரஸ்டிக்கு 4.4 கோடி டாலர் நஷ்டம். 1984-இல் மெக்டொனால்ட்ஸ் நடத்திய நிஜமான சலுகையும் இதே மாதிரிதான். இதே புறக்கணிப்பால் அதுவும் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கையைக் கடித்தது.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், பார்ட்டுக்கு என்றென்றும் பத்து வயது. காலண்டர் மட்டும் நகர்கிறது. 2008-இல் பத்து வயது என்றால் 1998-இல் பிறந்திருக்க வேண்டும். அப்படியானால் பெற்றோரின் இளமை 90-களில்தான். 2008 ஜனவரி 27 அன்று வந்த 'தட் நைன்ட்டீஸ் ஷோ' அந்தக் கணக்குப்படி எழுதியது. ஹோமரின் வயதும் இதற்கேற்ப 34, 36, 39, 40 என்று மெல்ல ஏறியிருக்கிறது. ஆக இரண்டு எபிசோடுமே அதது எழுதிய ஆண்டுக்குச் சரி. ஒன்றையொன்று பக்கத்தில் வைத்தால்தான் இடிக்கும். ரசனையில் பழையதே மேல் என்பது வேறு விஷயம்.

கே: தலைமையாசிரியர் ஸ்கின்னர் ஆள்மாறாட்டக்காரர் என்ற எபிசோடைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டுமா?

ப: தொடரே எடுத்துக்கொள்வதில்லை. 1997 செப்டம்பர் 28 அன்று வந்த 'தி பிரின்சிபல் அண்ட் தி பாப்பர்'. மார்க் ட்வைனின் ஆள்மாறாட்ட நாவலின் தலைப்பைத் திரித்திருக்கிறார்கள். நமக்குத் தெரிந்த ஸ்கின்னரின் உண்மைப் பெயர் ஆர்மின் டம்சாரியன். வியட்நாமில் காணாமல் போன சார்ஜென்டின் பெயரில் வாழ்கிறார் என்பது கதை. கடைசியில் நீதிபதி, எல்லாம் பழையபடியே இருக்கும், இனி யாரும் இதைப் பேசக்கூடாது, பேசினால் சித்திரவதை என்று உத்தரவு போடுகிறார். இது கன்டினியூட்டி பிழை, அதாவது முந்தைய கதையோடு பொருந்தாத தப்பு, அல்ல. கன்டினியூட்டியை உடைத்துவிட்டு அதைக் கேலியும் செய்யும் முயற்சி. ஸ்கின்னருக்குக் குரல் கொடுத்த ஹாரி ஷியரருக்கே இது பிடிக்கவில்லை.

இதற்குச் சரியான பின்குறிப்பு 2004 ஜனவரியில் வந்தது. லிசாவின் பூனை ஸ்னோபால் இரண்டு காரில் அடிபட்டுச் சாகிறது. மூன்றாவது மீன்தொட்டியில் மூழ்குகிறது. நான்காவது ஜன்னல் வழியே குதிக்கிறது. ஐந்தாவது பூனை பார்க்க இரண்டாவதைப் போலவே இருப்பதால், சாப்பாட்டுத் தட்டு மிச்சம் என்று அதற்கும் 'ஸ்னோபால் இரண்டு' என்றே பெயர் வைக்கிறாள். இது ஏமாற்றுவேலை இல்லையா என்று கேட்கிறார் அங்கே வரும் ஸ்கின்னர். "நீங்கள் சொல்வதும் சரிதான், பிரின்சிபல் டம்சாரியன்" என்கிறாள் லிசா. அதற்குமேல் வாதம் செய்யாமல் அவர் கிளம்பிவிடுகிறார்.

கே: ஹோமர் முப்பரிமாண உலகத்துக்குள் போகும் எபிசோடில் பின்னால் மிதக்கும் சமன்பாடு கால்குலேட்டரில் சரியாக வருகிறது. ஃபெர்மாவின் தேற்றம் பொய்யா?

ப: தேற்றம் பத்திரமாக இருக்கிறது. உங்கள் கால்குலேட்டர்தான் ஏமாந்தது. 1995 அக்டோபரின் 'ட்ரீஹவுஸ் ஆஃப் ஹாரர்' ஆறாவது பாகம். மிதப்பது 1782¹² + 1841¹² = 1922¹². இரண்டுக்கு மேற்பட்ட எந்த அடுக்குக்கும் இப்படிப்பட்ட முழு எண்கள் கிடையாது என்பது ஃபெர்மா சொன்னது; ஆன்ட்ரூ வைல்ஸின் நிரூபணம் அச்சில் வந்ததும் அதே 1995-இல்தான். எழுத்தாளர்களில் ஒருவரான டேவிட் கோஹன், கிட்டத்தட்டப் பொருந்தும் எண்களைத் தேடக் கணினி நிரல் எழுதி இதைப் பிடித்தார்.

இடது பக்கத்தைக் கூட்டிப் பன்னிரண்டாம் மூலம் எடுத்தால் வருவது 1921.99999996 அளவில். பத்து இலக்கம் காட்டும் கால்குலேட்டர் அதை 1922 என்று முழுதாக்கிவிடும். பெரிய எண்களாகவே பார்த்தால் இரு பக்கமும் 254121025 என்ற முதல் ஒன்பது இலக்கம் வரை ஒத்துப்போய்ப் பத்தாவதில் பிரிகின்றன: ஒன்றில் 8, மற்றதில் 9.

கால்குலேட்டரே வேண்டாம். 1782 இரட்டைப்படை, அதை எத்தனை முறை பெருக்கினாலும் இரட்டைப்படை. 1841 ஒற்றைப்படை, அதன் அடுக்கும் ஒற்றைப்படை. இரண்டையும் கூட்டினால் ஒற்றைப்படை. வலது பக்கம் 1922 இரட்டைப்படை. முடிந்தது.

இந்த ஓட்டை கோஹனின் கூட்டத்துக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும். 1998 செப்டம்பரில் 'தி விஸார்ட் ஆஃப் எவர்கிரீன் டெரஸ்' எபிசோடில் ஹோமர் கரும்பலகையில் எழுதும் 3987¹² + 4365¹² = 4472¹² என்பதில் ஒற்றை-இரட்டைச் சோதனை பலிக்காது; ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்து இரட்டைதான். ஆனால் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். 3987-க்கு 27, 4365-க்கு 18; இரண்டும் 3-ஆல் வகுபடும். ஆகவே இடது பக்கம் முழுவதும் 3-ஆல் வகுபடும். 4472-க்கு 17, வகுபடாது. மாட்டிக்கொண்டது.

கே: பழைய ஹாலிவுட் படங்கள் பார்த்ததில்லை. எங்கே எந்தப் படத்தைக் கிண்டல் செய்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: முதலில் எபிசோடின் தலைப்பு. 'தி க்ரெப்ஸ் ஆஃப் ராத்' என்றால் ஸ்டைன்பெக் நாவலின் தலைப்பில் திராட்சையை (க்ரேப்ஸ்) எடுத்துவிட்டுப் பிரெஞ்சுத் தோசையை (க்ரெப்ஸ்) வைத்தது. 'தி டெல்டேல் ஹெட்' என்றால் எட்கர் ஆலன் போவின் இதயக் கதை. தலைப்புக்கும் கதைக்கும் சம்பந்தம் இல்லாமலும் இருக்கும். தலைப்பு பெரும்பாலும் திரையில் வராது என்பதால் அது எழுத்தாளர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வது.

அடுத்தது இசை. இதுதான் நம்பகமான அடையாளம். ஹோமர் விண்வெளியில் சிப்ஸைக் கவ்வும்போது ('டீப் ஸ்பேஸ் ஹோமர்', 1994) திடீரென்று 'ப்ளூ டான்யூப்' வால்ட்ஸ் ஒலிக்கிறது. கார்ட்டூனில் சம்பந்தமில்லாமல் ஒரு மேற்கத்திய செவ்வியல் இசை வந்தால் அது ஏதோ படத்திலிருந்து வருகிறது என்று அர்த்தம். இங்கே '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'. சைட்ஷோ பாப் வரும்போதெல்லாம் கேட்கும் அச்சுறுத்தும் இசை, பெர்னார்ட் ஹெர்மன் 1962-இல் 'கேப் ஃபியர்' படத்துக்குப் போட்டதைத் தழுவியது.

மூன்றாவது கேமரா. இந்தத் தொடரின் சாதாரணக் காட்சிகள் சோஃபா உயரத்திலிருந்து நேராகப் பார்ப்பவை. கோணம் தரையிலிருந்து மேல்நோக்கியோ, நிழல் கூடியோ, ஒரே பொருளை மிக அருகிலோ காட்டினால் சந்தேகப்படுங்கள். 'ரோஸ்பட்' (1993) எபிசோடில் பர்ன்ஸின் கையிலிருந்து பனிக் கண்ணாடி உருண்டை நழுவி விழுந்து உடைகிறது. அவர் முணுமுணுப்பது தொலைந்துபோன கரடிபொம்மை போபோவின் பெயரை. 1941-இன் 'சிட்டிசன் கேன்' படத்தில் அந்த இடத்தில் இருப்பது 'ரோஸ்பட்' என்ற பனிச்சறுக்குப் பலகை. இங்கே தலைப்பு, கேமரா இரண்டும் சேர்ந்தே காட்டிக்கொடுக்கின்றன.

நான்காவது, ஊரே சேர்ந்து பாட ஆரம்பிப்பது. 1993 ஜனவரியில் வந்த 'மார்ஜ் வெர்சஸ் தி மோனோரயில்' எபிசோடில் ஒரு வியாபாரி வந்து ஊர்க்கூட்டத்தில் பாட்டுப் பாடியே ரயிலை விற்றுவிடுகிறான். பேண்ட் வாத்தியங்களை ஊருக்கு விற்கும் ஏமாற்றுக்காரனைப் பற்றிய 'தி மியூசிக் மேன்' இசைநாடகத்தின் அச்சு அது. அந்த எபிசோடின் தொடக்கத்தில் ஹோமர் வேலை முடிந்து குதித்துக் காரில் ஏறிப் பாடுவது ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் டைட்டில். மரத்தில் மோதுவது மட்டும் ஹோமரின் சொந்தச் சரக்கு.

கடைசியில் பலகைகள். கடைப்பெயர், செய்தித்தாள் தலைப்பு, தேவாலய வாசல் அறிவிப்பு எல்லாம் நிறுத்திப் பார்ப்பதற்கென்றே எழுதியவை. ஃபிரேமாக நகர்த்தும்போது ஒரு முறை அழுத்திப் படம் மாறவில்லை என்று பதறாதீர்கள்; பெரும்பாலும் ஒரு ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைப்பார்கள்.

மூலப்படத்தைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எபிசோடு பார்க்கவேண்டும் என்று அவசியமில்லை. கண்ணாடி உருண்டை எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே கிழவர் பொம்மைக்கு அழுவது சிரிப்பு வரும். மூலம் தெரிந்தால்தான் சிரிப்பு என்று ஆகிவிட்ட பிற்கால எபிசோடுகள்தான் சப்பென்று இருக்கின்றன.

கே: சைட்ஷோ பாப் குப்பைவாரியை (ரேக்) மிதித்து அடிபடும் காட்சி ஏன் அவ்வளவு நீளம்?

ப: எபிசோடு நீளம் குறைந்துவிட்டது. 1993 அக்டோபர் 7-இன் 'கேப் ஃபியர்' எபிசோடில் நிமிடங்கள் போதவில்லை. அடியைத் திரும்பத் திரும்பப் போட்டு ஒன்பதாக்கினார்கள். மூன்றாவதில் சலிக்கிறது, ஆறாவதில் எரிச்சல், ஒன்பதாவதில் மறுபடி சிரிப்பு வந்துவிடுகிறது. டைட்டிலில் குடும்பம் வந்து உட்காரும் சோஃபா காட்சி ஒரு வாரம் நீளமாகவும் ஒரு வாரம் குட்டையாகவும் இருப்பதும் இதே நேரக்கணக்குக்கு உதவத்தான்.

கே: கடைக்காரர் அப்புவின் பெயர் எந்த மாநிலத்துப் பெயர்?

ப: 'அப்பு' என்பது வங்காளம், சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) முதலான மூன்று படங்களின் நாயகன். நஹசபீமாபெட்டிலான் என்ற குடும்பப் பெயர் வங்காளத்திலும் இல்லை, தெற்கிலும் இல்லை. எழுத்தாளர் ஒருவரின் பள்ளித்தோழர் பெயரைத் திரித்துக் கட்டியது. எழுபது லட்சம் மாணவர்களில் முதலாவதாகக் கல்கத்தாவில் படித்து முடித்தவர் என்பதும் ஜோக்தான். இந்திய வம்சாவளியினரை உச்சரிப்பை வைத்தே கிண்டல் செய்கிறது என்ற விமர்சனம் 2017-இல் ஆவணப்படமாகவே வந்தது. 2020 ஜனவரியில் ஹேங்க் அசாரியா இனி அப்புவுக்குக் குரல் கொடுப்பதில்லை என்று அறிவித்தார்.

கே: ஸ்பிரிங்ஃபீல்டு எந்த மாநிலத்தில்?

ப: சொல்லாமல் இருப்பதே ஜோக். 2007 திரைப்படத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஃப்ளாண்டர்ஸ் எல்லை மாநிலங்களாக ஒஹாயோ, நெவாடா, மெய்ன், கென்டக்கி என்கிறார். நான்கையும் தொடும் இடம் வரைபடத்தில் கிடையாது. 2000-இன் 'பிஹைண்ட் தி லாஃப்டர்' எபிசோடில் வடக்கு கென்டக்கிக் குடும்பம் என்றார்கள். மறு ஒளிபரப்பில் அதையே தெற்கு மிசோரி ஆக்கினார்கள். பெயர்கள் வந்த ஊர் தெரியும்: படைப்பாளி மாட் க்ரோனிங் பிறந்த ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட். ஃப்ளாண்டர்ஸ், லவ்ஜாய், க்விம்பி, கியர்னி எல்லாம் அங்கே தெருப் பெயர்கள். எவர்கிரீன் டெரஸ் அவர் வளர்ந்த தெரு. வீட்டு எண் 742 என்று நிலைத்தது பிற்பாடு. ஆரம்பத்தில் 94, 1094 என்றெல்லாம் வரும். அது கவனக்குறைவுதான்.

கே: எல்லோருக்கும் நான்கு விரல். கடவுளுக்கு மட்டும் ஐந்து?

ப: ஆமாம். 'ஹோமர் தி ஹெரெடிக்' (1992) எபிசோடில் எண்ணிக்கொள்ளலாம். வேண்டுமென்றே செய்தது.

கே: டிரம்ப் அதிபராவதை 2000-லேயே சொன்னார்கள் என்பது உண்மையா?

ப: வசனம் உண்மை. 2000 மார்ச் 19-இன் 'பார்ட் டு தி ஃப்யூச்சர்' எபிசோடில், எதிர்காலத்தில் அதிபராகும் லிசா, டிரம்ப் விட்டுப்போன நிதி நெருக்கடியைப் பற்றிப் பேசுகிறாள். ஆனால் அந்த எபிசோடுக்குச் சற்று முன்பு, 1999 அக்டோபர் முதல் 2000 பிப்ரவரி வரை, டிரம்ப் ரிஃபார்ம் கட்சி சார்பில் போட்டியிடுவதாகப் பேசிக்கொண்டிருந்தார். செய்தித்தாளில் இருந்த பெயரைத்தான் எடுத்தார்கள். அவர் நகரும் படிக்கட்டில் இறங்கும் கார்ட்டூன் படம் அந்த எபிசோடில் இல்லை. நிஜச் சம்பவம் 2015 ஜூனில் நடந்தது. அதைப் பார்த்து ஜூலையில் தனியாக ஒரு குறும்படம் செய்தார்கள். இரண்டையும் ஒட்டி '2000-இல் வந்தது' என்று பரப்புகிறார்கள். 1998 நவம்பர் எபிசோடில் ஃபாக்ஸ் நிறுவனப் பலகையில் 'டிஸ்னியின் ஒரு பிரிவு' என்று இருப்பதும், 2019 மார்ச்சில் டிஸ்னி அதை வாங்கியதும் நிஜம். அது மட்டும் சுத்தமான அதிர்ஷ்டம். இனி இப்படி ஒரு படம் கைக்கு வந்தால், எபிசோடின் பெயரைக் கேளுங்கள்; பெயர் இல்லாமல் வருவது பெரும்பாலும் ஒட்டுவேலை.